ஒன்றும் தாங்காத பூமி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். அப்பாவுக்கு சுகர் குறைந்திருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடு.

பரணைச் சுத்தம் செய்தபோது உன்னுடைய கிரேக்கத் தத்துவப் புத்தகம் கிடைத்தது. அந்தப் படிப்பு சோறு போடுமா என்று கேட்டு உன்னை இன்ஜினியரிங்கில் சேர்த்துவிட்டவள் நான். நீ பென்சிலில் கோடு போட்ட இடங்களையாவது படிப்போம் என்று உட்கார்ந்தேன். மிலேட்டஸ் என்ற பழைய கிரேக்க ஊரின் பேரைப் பார்த்ததும் பெர்லின் மியூசியத்தில் அந்த ஊர்ச் சந்தை வாசலுக்கு முன்னால் நீங்கள் இரண்டு பேரும் நின்று எடுத்த போட்டோ ஞாபகம் வந்தது. வாசல் ரோமானியர் காலத்தது, அந்த ஊர்த் தத்துவஞானி தேலீசுக்கு எழுநூறு வருஷம் பிந்தியது என்று நீதான் சொன்னாய். அந்தப் படத்தைத்தான் வாட்ஸ்அப்பில் வைத்திருந்தாய். இப்போது ஏதோ மரம் இருக்கிறது. மரமும் நன்றாகத்தான் இருக்கிறது.

பாட்டி ஆதிசேஷன் கதை சொன்ன அன்றைக்கு, "அந்தப் பாம்பு எதும்மேல இருக்கு?" என்று கேட்டாயே. எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது, பூமி மரக்கட்டை மாதிரி தண்ணீரில் மிதக்கிறது என்று தேலீஸ் சொன்னாராம். அப்படியானால் தண்ணீரை எது தாங்குகிறது என்று பின்னால் வந்த அரிஸ்டாட்டில் கேட்டிருக்கிறார். ஏழு வயதில் நீ கேட்டதும் அதுதானே! பெருமைப்பட வேண்டிய நான், சொந்தக்காரர்கள் முன்னால் வாயாடாதே என்று உன் தொடையில் கிள்ளினேன்.

நீ இரண்டு கோடு போட்டிருப்பது அனாக்சிமாண்டருக்கு. தேலீசுக்கு அடுத்த தலைமுறை, அதே ஊர்க்காரர். உலகத்துக்கு மூலம் தண்ணீரும் இல்லை, எல்லையே இல்லாத ஒன்று என்றார். பூமியைத் தூணில் அறுத்த துண்டு மாதிரி நினைத்தது தப்புதான். ஆனால் அதை எதுவும் தாங்கவில்லை என்றார் பார்! சுற்றிலும் எல்லாம் சமதூரத்தில் இருக்கும்போது, இந்தப் பக்கம்தான் விழ வேண்டும் என்பதற்குக் காரணமே இல்லையாம். அதனால் நடுவில் அப்படியே நிற்கிறதாம். கையில் ஒரு டெலஸ்கோப்கூட இல்லாமல், 2500 வருஷத்துக்கு முன்னால் ஒரு மனுஷன் யோசித்தது.

இன்னொன்றும் சொல்கிறார். மற்ற உயிர்களெல்லாம் சீக்கிரமே தானாக இரை தேடிக்கொள்ளும், மனுஷக் குழந்தையைத்தான் நெடுநாள் பால் கொடுத்து வளர்க்க வேண்டும். ஆதியிலேயே இப்படிப் பிறந்திருந்தால் பிழைத்திருக்காது. அதனால் முதல் மனுஷர்கள் மீன் போன்ற உயிர்களுக்குள் வளர்ந்து, தன்னைக் காத்துக்கொள்ளும் வயது வந்தபிறகுதான் வெளியே வந்தார்களாம். அதைப் படித்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதே ஊரில் அடுத்து வந்த அனாக்சிமெனிஸ் காற்றுதான் மூலம் என்றார். காற்று இளகினால் நெருப்பு, இறுகினால் மேகம், தண்ணீர், மண், கல். வாயைக் குவித்து ஊதினால் குளிர்ச்சி, திறந்து ஊதினால் சூடு என்பதுதான் அவர் காட்டிய அத்தாட்சி. உள்ளங்கையில் நானும் ஊதிப் பார்த்தேன். உனக்குப் பால் ஆற்ற ஒரு மாதிரி ஊதுவேன், கண்ணில் தூசி விழுந்தால் முந்தானையைச் சுருட்டி இன்னொரு மாதிரி ஊதி ஒற்றுவேன். ஒரே மூச்சுதான்.

பாப்பா, போன தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி நீ கூப்பிட்டு, "அம்மா, இங்க எனக்கு..." என்று ஆரம்பித்தாய். அடுப்பில் அதிரசப் பாகு. பதம் தப்பிவிடுமே என்ற கவலையில், "எல்லார் வீட்டிலயும் இருக்கிறதுதான், அனுசரிச்சுப் போ, பொம்பளைக்கு ஒரு பிடிமானம் வேண்டாமா" என்று முடித்துவிட்டேன். நீ "சரிம்மா" என்றாய். அதற்கப்புறம் எதையும் என்னிடம் சொன்னதில்லை. தப்பு என்னுடையது. அடுப்பை அணைத்துவிட்டு உன்னைக் கேட்டிருக்க வேண்டும்.

எந்த நேரமானாலும் கூப்பிடு. போனைத் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறேன். அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

உன் சம்பளத்தில் கட்டிய மாடி அறையைக் கழுவிவிட்டு, உன் புத்தகங்களை அங்கே அடுக்கியிருக்கிறேன். ஃபேன் மட்டும் சத்தம் போடுகிறது. எலக்ட்ரீஷியன் செவ்வாய்க்கிழமை வருகிறான்.

அன்புடன்,
அம்மா