கம்பளிப் பின்னல் கற்றுத்தந்த நார்த்டேல் ஆயாக்களுக்கும் ஆன்ட்டிமாருக்கும்

அன்புள்ள எல்லாருக்கும் வணக்கம்.

நேரில் நன்றி சொன்னால் "அதெல்லாம் எதுக்கும்மா" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால்தான் நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் மதுரைப் பக்கத்துப் பெண். கம்பளி நூலைக் கடையில் பார்த்ததோடு சரி. கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரத்து நார்த்டேலுக்கு வந்த பிறகுதான் ஜூன், ஜூலைக் குளிர் என்னவென்று தெரிந்தது. டிராக்கன்ஸ்பெர்க் மலையில் பனி விழுந்துவிட்டால் இங்கே வீட்டுக்குள்ளேயே விரல் விறைக்கிறது. ஸ்வெட்டரைக் கடையில் வாங்கலாம்தான். ஆனால் என் கணவர் வீட்டில் ஆளுக்கு ஒன்று, அவர்கள் ஆயா (இங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) கையால் பின்னியது இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை வந்தது.

முதல் நன்றி உங்களில் மூத்த ஆயாவுக்கு. நான் ஆசையாக எடுத்த கறுப்பு நூலை ஓரமாக வைத்துவிட்டு, வெளிர் மஞ்சளில் டபுள் நிட் என்னும் நடுத்தரத் தடிமன் நூலும் 4 மில்லிமீட்டர் ஊசியும் கொடுத்தார். புதிதாகக் கற்பவருக்குக் கறுப்பில் கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்) எது, இடைவெளி எது என்று தெரியாதாம். "குத்து, சுத்து, இழு, விடு." இவ்வளவுதான் பாடம். ஆயாவுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். ஆனால் கண்ணி எண்ணுவது மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று தமிழில்தான். என் கையிலிருந்து ஊசியை ஒருநாளும் வாங்கியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தன் ஊசியில் மெதுவாகச் செய்து காட்டுவார். நான் பார்த்துச் செய்யும்வரை காத்திருப்பார். அந்தப் பொறுமைக்கு என்ன கைம்மாறு செய்வேன்!

கண்ணி நழுவும் பயத்தைப் போக்கியது எதிர்வீட்டு ஆன்ட்டி. நழுவிய கண்ணி வரிசை வரிசையாகக் கீழே இறங்கும். அது போன வழியில் ஏணிப்படி மாதிரி குறுக்கு நூல்கள் நிற்கும். கீழே நிற்கும் கண்ணிக்குள், முனையில் கொக்கியுள்ள குரோஷே ஊசியை விட்டு, மேலேயுள்ள படியைக் கொக்கியில் மாட்டி இழுத்து, இப்படியே ஒவ்வொன்றாக ஏறி வந்து பின்னல் ஊசியில் மாட்டிவிடலாம். எதையும் பிரிக்க வேண்டாம். இதைக் கற்ற அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

கெபெர்ஹாவிலிருந்து (பழைய போர்ட் எலிசபெத்) மோஹேர் நூல் அனுப்பிய நாத்தனாருக்கும் நன்றி. உலகத்து மோஹேரில் கிட்டத்தட்டப் பாதி நம் நாட்டு அங்கோரா ஆடுகளிடமிருந்துதான் வருகிறது. பஞ்சு பஞ்சாக இருப்பதால் கண்ணி தெரியாது, பிரிப்பதும் கஷ்டம், கை பழகட்டும் என்று ஆயா பத்திரமாக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.

அப்புறம் அந்தப் போர்வை. 2013 கடைசியில் கரோலின் ஸ்டெய்ன் தொடங்கிய, இல்லாதவர்களுக்குப் போர்வை பின்னித் தரும் '67 போர்வைகள்' முயற்சியைப் பார்த்து, ஜூலை 18 மண்டேலா நாளுக்கு நாமும் ஒன்று பின்னலாம் என்றீர்கள். 20 செண்டிமீட்டர் சதுரங்கள், எட்டுக்கு எட்டு, மொத்தம் 64. எல்லா வரிசையும் ஆயா முதலில் கற்றுத்தந்த நேர்க்கண்ணி என்பதால் ஓரம் சுருளாது; புதியவளும் சேர்ந்துகொள்ள முடிந்தது. சதுரம் பின்ன ஆள் உண்டு, உட்கார்ந்து தைத்து இணைக்க ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதைச் சத்தமில்லாமல் செய்து முடித்த அக்காவுக்குத் தனியாக ஒரு கும்பிடு. முதியோர் இல்லத்தில் அதைப் போர்த்திக்கொண்ட அம்மா, மஞ்சள் சதுரத்தைத்தான் முதலில் தடவிப் பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமை, நேர்க்கண்ணியின் மறுபக்கமான புரட்டுக்கண்ணி ஆரம்பிக்கலாமா? முறுக்கு சுட்டுக் கொண்டுவருகிறேன். வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் நார்த்டேல் மருமகள்