தோட்டாவின் கேப்பைக் குறை சொல்லுமுன் துவக்கைக் கழற்றிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பன்றிக் காவலுக்கு வாங்கிய தோட்டாக்கள் பல சுடவில்லை, கேப்பெல்லாம் பழுது, இனிமேல் கேப்பை நாமே மாற்றிக்கொள்ள வேண்டியதுதான் என்று கந்தளாய்ப் பக்கத்து வாசகர் ஒருவர் தங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். அவருடைய ஆத்திரம் எனக்கு நன்றாக விளங்குகிறது. பயிர் குடலைப் பருவத்தில் நிற்க, நடுச்சாமத்தில் பன்றிக்கூட்டம் வயலில் இறங்கும் நேரம் விசையை இழுத்தால் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆனால் கேப்பை நாமே மாற்றலாம் என்ற பேச்சை மறுக்காமல் விட எனக்கு மனமில்லை. வாசித்துவிட்டு ஓர் இளம்பிள்ளை செய்து பார்த்தால் விரல் போகும், கண் போகும்.

கேப்பு என்பது தோட்டாவின் அடியில் நடுவில் பதித்த ஒரு சின்னக் கிண்ணம். அதற்குள் துளி வெடிமருந்து, மருந்துக்கு மேலே பட்டடை மாதிரி ஒரு தகடு. துவக்கின் ஊசி வெளியிலிருந்து அடிக்கும்போது மருந்து அந்தத் தகட்டோடு நசுங்கித் தீப்பிடிக்கிறது. அந்தத் தீ துளை வழியாகப் போய்த் தோட்டாவுக்குள் இருக்கும் பெரிய வெடிமருந்தைக் கொளுத்துகிறது. இன்றைய கேப்புகளில் பெரும்பாலும் இருப்பது ஈய ஸ்டிப்னேற்று என்ற வெடிபொருள் சேர்ந்த கலவை. காய்ந்த நிலையில் அதைக் கையாள்வது ஆபத்து என்பதால் தொழிற்சாலையிலேயே ஈரமாகத்தான் நிரப்பிப் பிறகு உலர்த்துகிறார்கள். எங்கள் மார்கழி மழையில் ஈரம் ஏறி ஊமையாகிப்போன கேப்பு, பங்குனி வெயிலில் காய்ந்ததும் திரும்ப உயிர் பெறலாம். ஆகவே சுடாத தோட்டாவைச் செத்த தோட்டா என்று நினைத்து வரம்பில் எறிவதும், மேசை லாச்சியில் போட்டு வைப்பதும், ஆணியால் குத்திக் கேப்பைக் கழற்றுவதும் கூடவே கூடாது. தோட்டாவைப் பிரிப்பதும் நிரப்புவதும் அனுமதியில்லாமல் செய்யும் வேலையுமல்ல.

இனி, பழுது கேப்பில்தானா? பெரும்பாலும் இல்லை. சுடாத தோட்டாவின் அடியை வெளிச்சத்தில் பிடித்து, அதே துவக்கில் முன்பு ஒழுங்காகச் சுட்ட வெற்றுக் கோதுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊசி பதித்த குழி ஆழமாகவும் நடுவிலும் இருந்தும் சுடவில்லையென்றால் கேப்பைச் சந்தேகிக்கலாம். குழி மேலோட்டமாக இருந்தால், அல்லது ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால், குற்றவாளி துவக்குத்தான். வில் தளர்ந்திருக்கும், ஊசியின் முனை தேய்ந்திருக்கும், அல்லது துவக்கை மடித்துத் திறக்கும் இடத்திலுள்ள பூட்டு ஆடிப்போய்த் தோட்டாவுக்கும் ஊசிக்கும் இடைவெளி விழுந்திருக்கும். கடற்காற்றில் குழலில் தோட்டா போடும் வாயில் துருப் பிடித்து, தோட்டாவின் விளிம்பு முழுதாக உட்காராமல் நிற்பதும் உண்டு.

எங்கள் தம்பலகாமத்தில் பக்கத்து வளவு அண்ணரின் துவக்கு போன பெரும்போகத்தில் இதே மாதிரி மக்கர் செய்தது. அவரும் தோட்டா விற்றவரைத்தான் திட்டினார். துவக்குத் திருத்துபவர் வந்து முற்றத்தில் சாக்கை விரித்து ஊசியைக் கழற்றியபோது, துருப் பிடிக்காதிருக்க வருடக்கணக்காக விட்ட தேங்காய் எண்ணெய் உமித்தூசியோடு சேர்ந்து மஞ்சள் மெழுகாக இறுகி, வில்லின் வளையங்களுக்குள் அடைத்துக்கொண்டிருந்தது. விரலால் தள்ளினாலும் ஊசி நகரவில்லை. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் பூட்டியபின் அதே பெட்டித் தோட்டாக்கள் ஒழுங்காகச் சுட்டன. தோட்டாவுக்கும் எண்ணெய் தடவி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது கேப்பின் விளிம்பால் கசிந்து மருந்தைக் கெடுக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, இறுக்கமான மூடியுள்ள டின்னில், அடுப்புச் சூடு படாத இடத்தில் வைத்தால் போதும்.

கனடாவில் மான் வேட்டைக்குப் போகும் என் மச்சான் ரைபிள் தோட்டாவைத் தானே நிரப்புபவர். அங்கே சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. சுடாமல் போவதற்கு அவர் சொல்லும் முதல் காரணமும் பழுதான கேப்பு அல்ல, கேப்பு தோட்டாவின் அடியில் தனக்குரிய குழிக்குள் முழுதாக இறங்காதது. கேப்பு தோட்டாவின் அடிமட்டத்துக்கு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு உள்ளே இருக்க வேண்டுமாம். மேலே நின்றால் ஊசியின் முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே வீணாகும், இரண்டாம் அடியில்தான் சுடும். சரியான கருவியும் அளவுகோலும் வைத்திருப்பவருக்கே இந்தப் பாடு என்றால், ஆணியும் சுத்தியலும் வைத்து நாம் என்ன செய்யப்போகிறோம்?

எல்லாவற்றையும் விட அவசரமானது ‘டிக்’ சத்தத்துக்குப் பிறகு வரும் அரை நிமிடம். கேப்பின் தீ பலவீனமாக இருந்தால் மருந்து புகைந்து, தாமதித்துச் சுடும். அந்த நேரம் துவக்கை மடித்தால் தோட்டா முகத்துக்கு நேரே வெடிக்கும். குழலை ஆளில்லாத திசைக்குப் பிடித்தபடி குறைந்தது முப்பது வினாடி காத்திருங்கள். நான் ஒரு நிமிடம் என்பேன். யானைவெடி அணைந்துவிட்டது என்று எடுக்கப்போய்க் கையை இழந்தவர்களும் இந்தத் தாமதத்துக்குத்தான் பலியானார்கள். ‘புஸ்’ என்று குறைந்த சத்தம் வந்தால் இன்னும் மோசம்: தோட்டாவுக்குள் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் இருக்கும் தக்கை குழலுக்குள் சிக்கியிருக்கலாம், அடுத்த தோட்டா குழலையே பிளக்கும். அதேபோல் 12 என்ற அளவுத் துவக்கில் தவறிப் போட்ட, அதைவிட ஒடுங்கிய 20 என்ற அளவுத் தோட்டா உள்ளே வழுக்கிப் போய் நிற்கும். ஊசி வெறுமையை அடிக்கும். சுடவில்லையே என்று பின்னால் இன்னொன்றைப் போட்டவரின் இடது கை மிஞ்சாது. 20 தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுப்பது இதற்காகத்தான். தோட்டாவைக் கழற்றியதும் குழலை வானத்து வெளிச்சத்தில் பார்க்காமல் அடுத்ததைப் போடாதீர்கள்.

அதிகாரிகளிடம் கேட்பது இவ்வளவுதான். அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வருடாவருடம் போகிறோம். அந்த நாளிலேயே ஊசியையும் வில்லையும் பூட்டையும் தெரிந்த ஒருவர் பார்த்துச் சொல்ல ஒழுங்கு செய்யுங்கள். தோட்டாப் பெட்டியின் தொகுதி இலக்கத்தைப் பற்றுச்சீட்டில் எழுதுங்கள். உண்மையாகவே கேப்பு பழுதான தொகுதி எதுவென்று அப்போதுதான் பிடிபடும். சுடாத தோட்டாவை விவசாயி பயமில்லாமல் கொண்டுவந்து ஒப்படைக்க மூதூரிலும் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் ஓர் இடம் சொல்லுங்கள். அடுத்த பெரும்போகத்துக்கு முன் இது நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
தம்பலகாமம் விவசாயி ஒருவர்,
திருகோணமலை.