ஹெஸ்டர் ஏன் திரும்பி வந்தாள்?

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நதானியல் ஹாதார்னின் ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ நாவலைப் படித்து முடித்ததாகவும், அதன் கடைசி அத்தியாயம் உனக்குப் பெரும் ஏமாற்றமாக இருந்ததாகவும் எழுதியிருந்தாய். மகளை அழைத்துக்கொண்டு கடல் கடந்து போய்விட்ட ஹெஸ்டர் பிரின், பல ஆண்டுகளுக்குப் பிறகு, தன்னை அவமதித்த பாஸ்டனுக்கே தனியாகத் திரும்பி வந்து மணவாழ்க்கைக்கு வெளியே குழந்தை பெற்றதற்குத் தண்டனையாக ஊர் அணியவைத்த ‘A’ என்ற அந்தச் சிவப்பு எழுத்தை மறுபடியும் நெஞ்சில் அணிந்துகொள்வது தோல்வியல்லாமல் வேறென்ன என்று கேட்டிருந்தாய். அதோடு, குற்றவுணர்வு மனிதரை முடக்கிப்போடுமே தவிர ஒன்றுக்கும் உதவாது என்றும் எழுதியிருந்தாய். அந்த வரிதான் என்னை உடனே எழுத உட்கார வைத்தது. அது உன் வாழ்க்கைக்கான முடிவாக ஆகிவிடக்கூடாது என்று நினைக்கிறேன்.

உன் கருத்துக்கு நல்ல சாட்சி இளம் போதகர் ஆர்தர் டிம்ஸ்டேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கதை நடப்பது 1640களில், கடும் ஒழுக்க விதிகள் கொண்ட கிறிஸ்தவப் பிரிவினரான பியூரிட்டன்கள் ஆண்ட பாஸ்டனில். மூன்று மாதக் குழந்தையோடு ஹெஸ்டர் தண்டனை மேடையில் நிற்கும்போது, குழந்தையின் தந்தை யாரென்று சொல்லிவிடும்படி அவளிடம் ஊரார் முன்னிலையில் கேட்பவர்களில் ஒருவர் அந்தத் தந்தையான டிம்ஸ்டேலே. அவள் சொல்ல மறுத்துவிடுகிறாள். அதன்பிறகு ஏழு ஆண்டுகள் அவர் பட்டினி கிடக்கிறார், இரவெல்லாம் கண்விழிக்கிறார், தம்மைத் தாமே சாட்டையால் அடித்துக்கொள்கிறார். எதனாலும் அவருக்கு நிம்மதி வரவில்லை.

ஆனால் அந்தப் போதகரின் பிரசங்கங்களை நீ வேகமாகப் படித்துக் கடந்திருப்பாயோ என்று எனக்குத் தோன்றுகிறது. பாவிகளில் பிரதான பாவி நான் என்ற பொருளில் அவர் சபையார் முன் திரும்பத் திரும்பப் பேசுகிறார். அவர் சொல்வது முழு உண்மை. கேட்கிறவர்களோ, இத்தனை தூயவரே தம்மை இப்படி எண்ணினால் நம் கதி என்ன என்று உருகி, முன்னிலும் அதிகமாக அவரைப் போற்றுகிறார்கள். அப்படித்தான் புரிந்துகொள்வார்கள் என்பதை அறிந்தேதான் அவர் பேசுகிறார். உண்மையைச் சொல்லியே அதைப் பொய்யாக மாற்றிவிட்டார் என்று ஹாதார்ன் எழுதுகிறார். ‘நான் பாவி’ என்பதில் எந்தச் செயலும் இல்லை, எந்தப் பெண்ணும் இல்லை, எந்தக் குழந்தையும் இல்லை. அதனால் அதைச் சொல்வதற்கு விலையும் இல்லை. நள்ளிரவில் யாரும் பார்க்காதபோது அதே மேடையில் ஏறி நிற்கிறாரே, அப்போது தாயோடு அவ்வழியே வந்த ஹெஸ்டரின் மகள், சிறுமி பேர்ல் கேட்பது மிக எளிய கேள்வி: நாளை நண்பகலில் அம்மாவோடும் என்னோடும் இங்கே நிற்பீர்களா? தீர்ப்பு நாளில் நிற்கிறேன் என்கிறார். தன் ஊரும் தன் நாளும் தவிர வேறு எங்கே வேண்டுமானாலும் ஒப்புக்கொள்ள அவர் தயார்.

கடைசியில் பகல் வெளிச்சத்தில் அவர் மேடையேறி உண்மையைச் சொல்லி உயிர்விட்ட பிறகும், அங்கிருந்த சில மதிப்பிற்குரிய சாட்சிகள், அவர் தம் குற்றம் எதையும் சொல்லவில்லை, கடவுளின் முன் நாம் எல்லோரும் பாவிகளே என்று காட்டத்தான் அப்படி இறந்தார் என்று சாதிக்கிறார்கள். இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. எல்லோரும் பாவிகள் என்ற பொதுவான பேச்சு, ஒருவர் செய்த ஒரு குறிப்பிட்ட தீங்கை எவ்வளவு வசதியாக மூடிவிடுகிறது!

ஹாதார்னுக்கு இது வெறும் கற்பனையில் தோன்றிய கேள்வியல்ல. 1692இல் மாசசூசெட்ஸின் சேலத்தில் நடந்த சூனிய வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த நீதிபதிகளில் ஒருவரான ஜான் ஹாதார்ன் அவருடைய நேர் மூதாதை. அவர் அதற்காக வருந்தியதாகப் பதிவு எதுவும் இல்லை. அவரோடு அமர்ந்து தீர்ப்பளித்த சாமுவேல் சூவெல் என்ற நீதிபதி, 1697 ஜனவரி 14 அன்று பாஸ்டன் தேவாலயத்தில் எல்லோரும் பார்க்க எழுந்து நின்றார். அந்த வழக்குகளின் பழியையும் வெட்கத்தையும் தாம் ஏற்பதாக அவர் எழுதிக்கொடுத்ததைப் போதகர் வாசித்தார். செத்தவர்கள் அதனால் எழுந்து வரவில்லை. ஆனாலும் எந்த வழக்கு, யாருடைய பொறுப்பு என்பது சபையில் வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. சுங்க அலுவலக வேலையை இழந்து, தாயையும் இழந்த 1849க்குப் பிறகு, 1850இல் வெளியான இந்த நாவலின் முன்னுரையில், மூதாதையரின் பொருட்டு அந்த வெட்கத்தை ஹாதார்ன் தாமே ஏற்கிறார்.

இனி ஹெஸ்டர். ஊர் அவள் மேல் தைத்த பாவத்தையும், அவளே தன்னிடம் கண்டுகொண்ட தவறையும் நீ ஒன்றாக எண்ணிவிட்டாய் என்று நினைக்கிறேன். காட்டில் போதகரைச் சந்திக்கும்போது, நாம் செய்ததற்கு அதற்கே உரிய ஒரு புனிதம் இருந்தது என்று அவள் சொல்லத் துணிகிறாள். சிவப்பு எழுத்து தன் வேலையைச் செய்யவில்லை என்று ஆசிரியரே 13ஆம் அத்தியாயத்தில் எழுதுகிறார். அவளை உண்மையில் வாட்டுவது வேறொன்று. ஊருக்கு மருத்துவராக வந்து, போதகரின் வீட்டிலேயே தங்கி, அவருடைய மனத்தைக் கிளறிக் கிளறி வதைக்கும் ரோஜர் சில்லிங்வொர்த் தன் கணவர் என்பதை, அவருக்குக் கொடுத்த வாக்கின் காரணமாக அவள் ஏழு ஆண்டுகள் மறைத்துவிட்டாள். போதகர் நலிந்து போவதைக் கண்ட பிறகு அவளால் பொறுக்க முடியவில்லை. முதலில் கணவரிடமே போய், இனி மறைக்க மாட்டேன் என்கிறாள். பிறகு காட்டுப் பாதையில் காத்திருந்து போதகரிடம் உண்மையைச் சொல்லி, உன்னை மன்னிக்க முடியாது என்று அவர் சினந்து சொன்னபோதும் மன்னிப்புக் கேட்டு மன்றாடுகிறாள். இதுவும் குற்றவுணர்வுதான், கண்ணே. இன்னாருக்கு இன்ன தீங்கு செய்தேன் என்று அதற்குத் தெளிவாகத் தெரிந்திருந்ததால், அது அவளை முடக்காமல் எழுந்து நடக்க வைத்தது.

சில்லிங்வொர்த்தோ, தான் எப்படிப்பட்டவனாகிவிட்டோம் என்பதை ஒரு கணம் உணர்ந்தும், எல்லாம் விதி என்று சொல்லி ஒதுங்கிவிடுகிறார்.

மார்க் ட்வைனின் ஹக்கிள்பெரி ஃபின்னை நீ பள்ளியிலேயே படித்திருக்கிறாய். அடிமையான ஜிம்மைக் காட்டிக்கொடுக்காவிட்டால் நரகத்துக்குப் போவோம் என்று முழுமையாக நம்பிக்கொண்டே, ஜிம்மின் எசமானிக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்துப்போடுகிறானே அந்தப் பையன்! அவனுக்கு ஊர் கற்றுக்கொடுத்த குற்றவுணர்வு பொய்யானது. ஜிம்முடன் தெப்பத்தில் கழித்த நாள்களின் நினைவு அதைவிட வலிமையாக இருந்தது. ஊர் சொல்லும் பாவத்தையும் தான் செய்த தீங்கையும் பிரித்தறிவதுதான் இந்த இரண்டு நாவல்களிலும் நான் காணும் மனவலிமை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். பாஸ்டனை விட்டுப் போகக்கூடாது என்று ஹெஸ்டருக்குத் தொடக்கத்திலிருந்தே எந்தத் தடையும் இல்லை. அவள் ஊரின் ஓரத்தில், கடற்கரைக் குடிசையில் தங்கி, ஊசியால் பிழைத்தாள். ஆளுநரின் கழுத்துப்பட்டிக்கும், குழந்தைகளின் குல்லாய்க்கும், இறந்தவர்களின் ஆடைக்கும் அவளுடைய பூவேலை வேண்டியிருந்தது. மணப்பெண்ணின் முக்காட்டுக்கு மட்டும் ஊர் அவளைக் கேட்கவே இல்லை. தன்னைத் திட்டிய ஏழைகளுக்கே உணவும் துணியும் கொடுத்தாள், நோயாளிகளின் அருகே விழித்திருந்தாள். கடைசியில் அவள் திரும்பி வந்தபோது, எழுத்தை அணியும்படி அந்தக் கடுமையான காலத்தின் எந்த அதிகாரியும் அவளைக் கட்டாயப்படுத்தியிருக்க மாட்டார் என்று ஹாதார்ன் தெளிவாகச் சொல்கிறார். அவளுடைய வாழ்க்கை நடந்த இடம் அதுதான். அவள் நேசித்தவரின் கல்லறையும் அங்கேதான் இருந்தது. காதலில் காயப்பட்ட பெண்களும், யாராலும் விரும்பப்படாத பெண்களும் அவளுடைய குடிசைக் கதவைத் தட்டி, நாங்கள் ஏன் இவ்வளவு துயரப்படுகிறோம், என்ன செய்வது என்று கேட்டார்கள். மறைக்க எதுவுமில்லாத ஒருத்தியிடம்தான் அப்படிக் கேட்க முடியும். கடலுக்கு அப்பால், அவளுடைய கதை யாருக்கும் தெரியாத ஊரில், அந்தப் பெண்கள் அவளைத் தேடி வந்திருக்க மாட்டார்கள்.

13ஆம் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் அவசரமில்லாமல் இன்னொரு முறை படித்துவிட்டு எழுது. அதன் பிறகும் அவள் தோற்றாள் என்றே உனக்குத் தோன்றினால், காரணங்களோடு விரிவாக எழுது. நான் கேட்க விரும்புகிறேன்.

அன்புடன்,
அம்மா