இடம் வலமாக ஒலிக்கும் ஹெட்போன்: மாற்றித் தர மறுத்தது குறித்துப் புகார்

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

தங்கள் நிறுவனத்தின் வயர்லெஸ் கேமிங் ஹெட்போனைத் தங்கள் இணையதளத்திலேயே முழு விலை கொடுத்து வாங்கினேன். இடது காதுக்கு வர வேண்டிய ஒலி அதில் வலது காதிலும், வலது காதுக்கு உரியது இடது காதிலும் கேட்கிறது. உத்தரவாதக் காலம் முடியும் முன்பே சேவை மையத்தில் கொடுத்தேன். “இரு பக்கமும் ஒலி வருகிறது, பழுது இல்லை” என்று எழுதி அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டுக் கேட்டுப் பார்த்தார்களாம். பாட்டில் தபேலா எந்தப் பக்கம் ஒலித்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

நான் இதை வாங்கியது பிளேஸ்டேஷன் 5இல் ‘ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்’ விளையாட. 2021இல் வெளிவந்த திகில் விளையாட்டு அது. கடத்தப்பட்ட கைக்குழந்தையைத் தேடி ஈதன் என்ற தகப்பன் பனி மூடிய மலைக்கிராமத்துக் கோட்டைக்குள் நுழைகிறான். அவன் கண்ணுக்குத் தெரிவது மட்டுமே நமக்குத் தெரியும். முதுகுக்குப் பின்னால் நடப்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். கோட்டையின் சீமாட்டி டிமிட்ரெஸ்கு, தொப்பியும் குதிகாலும் சேர்த்து 9 அடி 6 அங்குலம். வாசல் நிலைகளில் குனிந்து வருபவள். அவளுடைய காலடி எந்தப் பக்கம் கேட்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் ஓடுவதுதான் பிழைக்கும் வழி. தங்கள் ஹெட்போனை நம்பி ஓடினால் நேராக அவள் நகங்களுக்கு முன்னால் போய் நிற்கிறோம். ஈக்கூட்டமாக உருமாறும் அவள் மகள்களின் ரீங்காரம் இடப்பக்கம் கேட்கிறதே என்று திரும்பினால், அரிவாள் வலப்பக்கத்திலிருந்து இறங்குகிறது.

அதே விளையாட்டில் பின்னால் வரும் பெனவியென்டோ வீட்டில் நிலைமை இன்னும் மோசம். அங்கே துப்பாக்கி, கத்தி எதுவும் கையில் இருக்காது. இருட்டு நடைபாதையில் குழந்தைக் குரலில் அழுதுகொண்டே ஒரு பிண்டம் துரத்தும். கட்டிலுக்கு அடியிலோ அலமாரிக்குள்ளோ ஒளிந்துகொண்டு, அந்த அழுகை எப்பக்கம் விலகிப் போகிறது என்று மூச்சை அடக்கிக் கேட்க வேண்டும். அது போய்விட்டது என்று தங்கள் ஹெட்போன் காட்டிய பக்கம் வெளியே வந்தேன். அது அங்கேதான் நின்றுகொண்டிருந்தது. விளையாட்டில் பயந்தேன் என்று நான் புகார் சொல்லவில்லை. பயப்படத்தான் காசு கொடுத்தேன். ஆனால் தவறான பக்கம் பார்த்துச் சாவது பயம் அல்ல, எரிச்சல்.

விளையாட்டில் கோளாறோ என்ற சந்தேகமும் வேண்டாம். அதே விளையாட்டை டிவி ஸ்பீக்கரிலும் ஒரு பழைய வயர் ஹெட்போனிலும் கேட்டேன். பக்கங்கள் சரியாக இருந்தன. தங்கள் ஹெட்போனை அதன் யூஎஸ்பி டாங்கிள் என்ற குட்டி இணைப்பானோடு கைபேசியில் இணைத்து, இடம், வலம் எனத் தனித்தனியே ஒலிக்கும் சோதனைப் பதிவைப் போட்டேன்; அங்கும் மாறியே ஒலித்தது.

தொலைபேசியில் பேசிய தங்கள் ஊழியர், “அப்படியானால் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள் சார்” என்றார். அவர் அந்த ஹெட்போனைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். மைக் இடது காதுப் பகுதியோடு பொருத்தப்பட்டது. திருப்பி அணிந்தால் அதன் தண்டு பிடரியைப் பார்த்து நிற்கிறது. காதுமெத்தையும் பின்பக்கம் தடித்து, முன்பக்கம் மெலிந்து இருப்பதால் காதோடு படியாமல் எழும்பி நிற்கிறது. பெட்டியின் மேல் ‘எதிரி வரும் திசையைத் துல்லியமாக அறியலாம்’ என்று தாங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். துல்லியத்தில் குறை சொல்ல முடியாது, திசைதான் நேர் எதிர்.

ஆகவே, பழுதில்லை என்ற அறிக்கையை ரத்து செய்து, 15 நாட்களுக்குள் புதிய ஹெட்போன் தர வேண்டும். இல்லையேல் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். புதியதை அனுப்பும் முன் பாட்டை விட்டுவிட்டு இட, வலச் சோதனைப் பதிவைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு அளிப்பேன். இந்தத் தொகைக்கு அங்கே மனுக் கட்டணமும் கிடையாது. ரசீது, சேவை மைய அறிக்கை ஆகியவற்றின் நகல்களையும் சோதனையின் காணொளியையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்