அப்பாயியின் கதையை எழுத உதவியவர்களுக்கு நன்றி

அன்பானவர்களே,

எங்கள் அப்பாயியின் வாழ்க்கைக் கதையை ஒருவழியாக எழுதி முடித்துவிட்டேன். எண்பது பக்கம் வந்திருக்கிறது. பாதிக்கு மேல் நீங்கள் சொன்னதுதான்.

1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்து, இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லாமல் போனபோது அப்பாயிக்கு ஏழு வயது, அப்போதே நாடற்றவர். 1964-இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். அந்த மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். அன்றைக்கும் அப்பாயி இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடம்) போய், கொழுந்து பறித்துவிட்டு லயத்துக்கு (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) திரும்பியிருப்பார். என் முதல் பிரதியில் இந்தத் தேதிகள்தான் இருந்தன, அப்பாயி இல்லை.

அதை மாற்றியவர்கள் 1973-இல் அவரோடு ஒரே கப்பலில் வந்து, இன்றும் கூடலூரில் இருக்கும் மூன்று பாட்டிகள். முதல் நன்றி உங்களுக்குத்தான். அப்பாயி வாயே திறக்காத விஷயத்தை நீங்கள் சொன்னீர்கள். அவருடைய அக்கா குடும்பம் இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தது, இவர்கள் இந்தியாவுக்கு. அழுகைக் கோச்சி, அதாவது இந்தியாவுக்குப் போகிறவர்களைக் கப்பலுக்குக் கொண்டுபோகும் ரயில், கிளம்பியபோது, சன்னல் வழியாக அப்பாயியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே அக்கா பிளாட்பாரம் முடிகிறவரை ஓடி வந்தாராம். கப்பல் ஏறும் தலைமன்னார் போய்ச் சேரும்வரை அப்பாயி ஒரு வார்த்தை பேசவில்லையாம். அவர் மடியில் வளர்ந்த எனக்கே இது தெரியாது.

சின்ன அத்தைக்கு நன்றி. இலங்கையிலிருந்து வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாம், பிறகு தேயிலைத் தோட்டக் குடியிருப்பு என்று எத்தனை இடம் மாறியும் அந்தத் தகரப்பெட்டியைத் தொலைக்காமல் வைத்திருந்தீர்கள். அதில் பாஸ்போர்ட்டுக்கு எடுத்த குடும்பப் படம் இருந்தது. கைக்குழந்தையாக அப்பா, அவரைப் பிடித்திருக்கும் அப்பாயியின் கட்டைவிரல் கொழுந்துக் கறையில் கறுத்திருப்பது அந்த மங்கிய படத்திலும் தெரிகிறது. அட்டைக்கு அதையே வைத்துவிட்டேன்.

பழைய பத்திரிகைகளைச் சலிக்காமல் எடுத்துக் கொடுத்த ரோஜா முத்தையா நூலக ஊழியர்களுக்கும், பிழை திருத்திய தோழிக்கும் நன்றி.

அப்புறம், பெரியபாட்டியின், அதாவது அப்பாயியின் அந்த அக்காவின், தலவாக்கலையில் இருக்கும் பேரனுக்கு. தம்பி, மழையில் நடந்துபோய் அந்த லயத்தைப் படம் பிடித்து அனுப்பினாயே! போனை அப்பாயி கையில் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். “வாசல்ல கொய்யா மரம் இருக்குமே, எங்க?” என்றார். பிறகு, “அக்கா வச்சது” என்றார்.