கத்தி கேட்பதற்கு முன்னால்

அன்புள்ள மகளுக்கு,

நீதிபதிப் பயிற்சியில் யாரோ "சாலமோன் மாதிரி தீர்ப்புச் சொல்லுங்கள்" என்றார் என்று போனில் சொல்லிச் சிரித்தாயே, அதிலிருந்து பைபிளில் வரும் சாலமோன் ராஜாவின் அந்தத் தீர்ப்புக் கதையை யூத ரபிகள், அதாவது அவர்களுடைய மத அறிஞர்கள், எப்படி வாசித்தார்கள் என்று தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். உனக்குப் பயன்படும் என்று தோன்றியது.

ஒரே வீட்டில் இரண்டு பெண்கள், மூன்று நாள் இடைவெளியில் இரண்டு குழந்தைகள். ராத்திரியில் ஒன்று இறந்துபோகிறது, சாட்சி கிடையாது. உயிரோடிருக்கும் பிள்ளை தன்னுடையது என்று இருவரும் சாலமோனிடம் வருகிறார்கள். கத்தி கொண்டுவாருங்கள், பிள்ளையை இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதி கொடுங்கள் என்கிறான் அவன். வெட்ட வேண்டாம், அவளிடமே கொடுத்துவிடுங்கள் என்று ஒருத்தி விட்டுக்கொடுக்க, அவளே தாய் என்று தீர்ப்பாகிறது. எல்லோருக்கும் கத்திதான் ஞாபகம். ஆனால் கத்தி கேட்பதற்கு முன்னால் ராஜா பேசியதைப் பார்: "உயிரோடிருப்பது என் பிள்ளை, செத்தது உன் பிள்ளை என்கிறாள் இவள். இல்லை, செத்தது உன் பிள்ளை, உயிரோடிருப்பது என் பிள்ளை என்கிறாள் அவள்." கேட்டதையே திருப்பிச் சொல்கிறான், அவ்வளவுதான். 16ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ என்ற ரபி தொகுத்த யூதச் சட்ட நூலில் இதை வைத்தே ஒரு விதி இருக்கிறது: இரு தரப்பு வாதத்தையும் கேட்ட நீதிபதி, அவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நாம் சொன்னது இவர் காதில் சரியாக விழுந்ததா என்று கட்சிக்காரர்களுக்கும் தெரிந்துவிடும் அல்லவா.

கத்தி விஷயத்தில் ரபிகளே ஒத்துப்போகவில்லை. நான் அங்கே இருந்திருந்தால் ராஜாவின் கழுத்தில் கயிற்றைப் போட்டிருப்பேன் என்கிறார் மித்ராஷ் என்ற பழைய யூத வேத விளக்கத் தொகுப்பில் ஒரு ரபி. தாய் மனம் இரங்காமல் போயிருந்தால் குழந்தை செத்திருக்குமே என்ற ஆத்திரம் அவருக்கு. நியாயமான ஆத்திரம்தான்.

ரபிகளின் சட்ட விவாதங்களைத் தொகுத்த தல்மூத் இன்னும் கறாரானது. விட்டுக்கொடுத்தவளே தாய் என்று எப்படித் தெரியும், தந்திரமாக நடித்திருக்கலாமே என்று கேட்கிறது. "அவளே தாய்" என்று வானத்திலிருந்து ஒரு குரல் வந்ததாம், அதுதான் பதில். ராஜாவின் சாமர்த்தியம் மட்டும் போதும் என்று அவர்கள் நம்பவில்லை. உன் கோர்ட்டில் அந்தக் குரல் வராது, அதனால் யார் அழுதாலும் உடனே முடிவுகட்டிவிடாதே.

எனக்குச் சாலமோனைவிட அவன் அப்பா தாவீது ராஜாவைத்தான் பிடிக்கிறது. ஏழைக்காகவும் சாயாதே, பெரியவனுக்காகவும் சாயாதே என்கிறது பைபிளின் லேவியராகமம். ஏழை தோற்ற வழக்கில் தாவீது என்ன செய்தான்? அப்படியே தீர்ப்புச் சொல்லிவிட்டு, அவன் கட்ட வேண்டியதைத் தன் கையிலிருந்து கொடுத்தான் என்று ரபிகள் சொல்கிறார்கள். நீ அப்படிக் கிளம்பிவிடாதே, வேலை போய்விடும்!

திருப்பிச் சொல்வதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது என்பாய், தெரியும். சிக்கலான வழக்கில் மட்டுமாவது செய்து பார். வக்கீல்கள் முகம் எப்படிப் போகிறது என்று எழுது.

அன்புடன்,
அப்பா