பீரோவுக்குள் பூட்டிய மைக்ராஸ்கோப்

ஆசிரியருக்கு வணக்கம்.

நீட் முடிவு வந்த மறுநாள் உங்கள் பத்திரிகையில் அரைப் பக்கத்துக்குப் பிள்ளைகளின் போட்டோ போட்டிருந்தீர்கள். போட வேண்டியதுதான். 2020-ல் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்த பிறகு நம் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் வெள்ளைக் கோட்டு போட்டு நிற்பதைப் பார்க்க எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த ஒதுக்கீட்டில் மாநிலம் முழுவதற்கும் கிடைப்பதே சில நூறு இடங்கள். மிச்சப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி எழுதக் கூடாதா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் முப்பத்தோரு வருஷம் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மேலூர் பக்கம். போன மாதம் ஒரு பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளிடம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். என்ன ஆகப் போகிறீர்கள் என்றேன், பயாலஜி குரூப்பில் பாதிக்கு மேல் டாக்டருக்குக் கை தூக்கினார்கள். சரி, சீட் கிடைக்காவிட்டால்? சத்தமே இல்லை. கடைசி பெஞ்சில் ஒரு பையன் மட்டும் "பி.காம்., மிஸ்" என்றான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது, இரண்டு வருஷம் உயிரியல் படித்த பிள்ளைக்கு டாக்டரை விட்டால் வேறு ஒரு வேலையின் பெயர்கூடத் தெரியவில்லையே என்று.

என் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். காசநோய் சந்தேகம் என்று ஒருவரை அனுப்பினால் அவருடைய சளியை ஸ்லைடில் தேய்த்து, சிவப்புச் சாயம் ஊற்றி, ஆவி வரும்வரை (கொதிக்க விடக் கூடாது) சூடு காட்டி, ஆசிட் விட்டுக் கழுவி, மேலே நீலச் சாயம் கொடுப்போம். மற்ற எல்லாம் நீலமாகிவிடும், காசநோய்க் கிருமி மட்டும் பிடித்த சிவப்பை விடாமல் மெல்லிய குச்சி மாதிரி கிடக்கும். ராபர்ட் கோக் 1882-ல் கண்டு சொன்ன அதே கிருமி, மேலூர்க்காரர் ஒருவரின் சளியில்! முதல் தடவை பார்த்த அன்று எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை, பயத்தில் இல்லை, ஒரு மாதிரி பரவசத்தில். கிருமி இல்லை என்று எழுதுவதற்கு முன் நூறு ஃபீல்டாவது (மைக்ராஸ்கோப்பில் ஒரு நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் வட்டம்தான் ஒரு ஃபீல்டு) பார்த்தாக வேண்டும். கழுத்து வலிக்கும், கண் எரியும். ஆனால் எழுபதோடு நிறுத்தினால் ஒரு குடும்பமே இருமிக்கொண்டிருக்கும். டாக்டர் எழுதும் மருந்து நாங்கள் எழுதும் அந்த ஒரு வரியை நம்பித்தான்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, மைக்ராஸ்கோப்பில் என்னென்ன பார்த்திருக்கிறீர்கள் என்று அந்தப் பிள்ளைகளிடம் கேட்டேன். வெங்காயத் தோலைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார்களாம். மைக்ராஸ்கோப் இருக்கிறது, பீரோவில் பூட்டி. உடைந்தால் யார் பதில் சொல்வது என்று பயம். ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன், ஆடிட் வந்தால் அவர் கழுத்துக்குத்தான் கத்தி.

சேவை சேவை என்று பேசிவிட்டுச் சம்பளத்தை மறைப்பதும் எனக்குப் பிடிக்காது. தனியார் லேபில் முதல் இரண்டு மூன்று வருஷம் சம்பளம் குறைவுதான், நைட் டியூட்டியும் உண்டு. அதைவிடப் பெரிய ஆபத்து போர்டு மாட்டிய இடமெல்லாம் காலேஜ் என்று நம்பிப் பணம் கட்டுவது. எங்கள் தெருவில் ஒரு பெண் அப்படி நகையை அடகு வைத்துப் படித்து வாங்கிய சர்டிபிகேட்டை எந்த ஆஸ்பத்திரியிலும் ஏற்கவில்லை. பி.எஸ்சி. லேப், ரேடியாலஜி, நர்சிங் எதுவானாலும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிதானா என்று முதலில் பாருங்கள், மிச்சம் அப்புறம்.

நம் மதுரையிலேயே உதாரணம் இருக்கிறது. டாக்டர் வெங்கடசாமி அரசு வேலையில் ரிட்டயர் ஆன பிறகு 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. இன்று அங்கே கண்ணாடிப் பவர் பார்ப்பதிலிருந்து ஆபரேஷனுக்குத் தயார் செய்வதுவரை ஏகப்பட்ட வேலையைச் செய்வது பிளஸ் டூ முடித்து அங்கேயே பயிற்சி எடுத்த கிராமத்துப் பெண்கள். அவர்கள் போட்டோவை எந்த ரிசல்ட் பக்கத்திலும் நான் பார்த்ததில்லை.

மருத்துவம் பிடிக்காத பிள்ளைக்கும் வழி உண்டு. கொடைக்கானலுக்கு டூர் கூட்டிப்போகிறோம், படகு, குதிரை, ஹோம்மேட் சாக்லேட், திரும்பிவிடுகிறோம். அதே மலையில் இருக்கும் சூரிய ஆய்வகத்தில்தான் 1909-ல் எவர்ஷெட் என்பவர் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தார். நூறு வருஷத்துக்கும் மேலாகச் சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். இயற்பியல் படித்தால் அங்கே போய் உட்காரலாம் என்று நம் பிள்ளைகளுக்கு யார் சொன்னார்கள்? அறிவியல் படிப்புக்கென்றே மத்திய அரசு நடத்தும் ஐசர் (IISER) கல்வி நிறுவனங்களின் பெயரையே நான் பேசிய அந்த வகுப்பில் ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை, அதற்குத் தனி நுழைவுத் தேர்வு இருப்பது எங்கே தெரியப்போகிறது.

வாரம் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள் சார். ஒரு வாரம் எக்ஸ்ரே எடுப்பவர், ஒரு வாரம் டயாலிசிஸ் பார்ப்பவர், ஒரு வாரம் ஆராய்ச்சி மாணவி, என்ன படித்தார், எவ்வளவு செலவு, இப்போது என்ன சம்பளம் என்று ஒளிக்காமல் எழுதினால் போதும். அந்தப் பள்ளித் தலைமையாசிரியரிடம் நானும் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன், பீரோ சாவியைத் தேடி வைத்தால் வெங்காயமும் ஸ்லைடும் நானே கொண்டுவருகிறேன் என்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
மேலூர், மதுரை மாவட்டம்